மூன்றாவது பாட்டுக்கும் நான்காவது பாட்டுக்கும் நடுவில்

என் மனைவி ஹெப்சிபா ஓர் இசைத்தட்டில் குடியிருக்கிறாள். இரண்டாம் பக்கத்தில், மூன்றாவது பாட்டுக்கும் நான்காவது பாட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அவளுடையது. தட்டின் பெயர் ‘ஸ்லோ வெதர்’. பாடியவர்கள் காஸ்ட் அயர்ன் அங்கிள்ஸ் என்ற ராக் குழு. இங்கிலாந்துக்காரர்கள், நான்கு பேர். என்னிடம் இருப்பது முதல் பதிப்பு. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

அவள் அங்கே போனதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். நான் அசையவில்லை. கோபத்தோடு ஊசியைத் தூக்க வந்தவள் கால் இடறி உள்ளே போய்விட்டாள். பாலை நான்தான் இறக்கினேன். அடிப்பிடித்துவிட்டது.

வெளியே வந்துவிடு என்று ஆரம்பத்தில் தினமும் சொல்லிப் பார்த்தேன்.

“எப்படி வர்றது? இங்க எல்லாம் உள்பக்கமாத்தான் சுத்துது. வெளிய போற பக்கம் வழியே இல்லைங்க” என்றாள்.

அது உண்மைதான். இசைத்தட்டின் பள்ளம் வெளிவிளிம்பில் தொடங்கி நடுவை நோக்கித்தான் போகும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அப்போது கொட்டாவி விட்டாள்.

காலையில் குளித்துவிட்டுத் தட்டைப் போடுவேன். விளிம்பை மட்டும் பிடித்துத்தான் எடுப்பேன். முகத்தில் விரல் படக்கூடாது. தட்டின் முகத்தைச் சொல்கிறேன். மூன்று பாட்டு முடியும். லேசாகக் கரகரக்கும். பிறகு அவள் வருவாள்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“அந்தப் பச்சைச் சட்டைய வெயில்ல காயப் போடாதீங்க. சாயம் போயிடும்.”

அவ்வளவுதான். நான்காவது பாட்டின் டிரம் ஆரம்பித்துவிடும். டிரம் அடிக்கிறவன் பெயர் டெரிக். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆரம்ப அடி மாதிரி ஓர் அடியை எவனும் அடித்ததில்லை. கல்லூரியில் படிக்கும்போது முதன்முதலாகக் கேட்டேன். இன்றைக்கும் அது விழும்போது எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு முறைதான் போடுவேன். ஊசி ஓட ஓடத் தட்டு தேயும். சேகரிப்பாளர்களுக்கு இது அ, ஆ மாதிரி. ஒருநாள் அவள் பிறந்தநாள் என்பதால் ஆசைப்பட்டு மறுபடி ஒரு முறை போட்டேன். “என்னங்க, இடுப்பு வலிக்குது” என்றாள்.  அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் ‘ஸ்லோ வெதர்’ தட்டின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்து இறங்கியது.

பெரிய பெட்டி. கூரியர்காரர் மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார். உள்ளே புதுத் தட்டு இருந்தது. ஒரு படப் புத்தகமும் ஒரு துண்டும் இருந்தன. பதிவு நடந்த அன்று குழுவினர் சாப்பிட்டு மீதி வைத்த ரொட்டியின் புகைப்படமும் இருந்தது. புகைப்படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ள ஆணி கொடுத்திருந்தார்கள். சுத்தியல் இல்லை.

புதுத் தட்டு நூற்று எண்பது கிராம். கையில் எடுத்ததுமே தெரிந்தது. நல்ல கனம். பழையதை எடுத்து மறு கையில் வைத்துப் பார்த்தேன்.

நான் எடைச் சங்கத்தில் உறுப்பினன். ராயபுரத்தில் ஓர் ஐஸ் பேக்டரியின் மாடியில் சங்கம் இருக்கிறது. பெரிய ராக் தட்டுகளுக்கு ஆண்டுவிழாப் பதிப்பு வரும்போதெல்லாம் சங்கம் கூடும். தராசில் ஒரு தட்டில் பழைய பதிப்பு, மறு தட்டில் புதிய பதிப்பு. எது கனமோ அதுதான் இனிமேல் அந்த ஆல்பம். எடை குறைந்ததைக் கீழே கொண்டுபோய் உருக்கிவிடுவார்கள். ஐஸ் பேக்டரியில் எப்படி உருக்குகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டவர்களின் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

கனமான தட்டில் பாட்டு நன்றாகக் கேட்கும் என்பது எங்கள் நம்பிக்கை. இந்த விதி வந்தபோது நானும் கை தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கினேன். அந்தக் காலத்துத் தட்டுகள் மெலிசானவை. இதுவரை ஒரு பழைய பதிப்பும் ஜெயித்ததில்லை.

போகாமல் இருந்துவிடலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். போன வருடம் ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சங்கத்தின் வராந்தா நீண்டு நீண்டு அவர் வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. வராந்தாவில் செருப்பு விட்டு வரிசையாக நின்றார்கள். அவர் மனைவி எல்லோருக்கும் காபி போட வேண்டியதாகிவிட்டது.

புதுத் தட்டை முதலில் போட்டுப் பார்த்தேன். ஹெப்சிபா அதில் இருந்தால் கவலையே இல்லை அல்லவா? மூன்றாவது பாட்டு முடிந்தது. காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. கரகரப்புகூட இல்லை. சுரண்டி, அடித்துத் துடைத்து, வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். யாரும் எப்போதும் குடியிருந்த மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் அவளிடம் சொன்னேன்.

“என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?”

“அம்பதாம் வருஷப் பதிப்பு வந்திருக்கு. சங்கத்துல எடை போடப் போறாங்க. நம்மது அறுபது கிராம் குறையுது, ஹெப்சி.”

“அடப்பாவிகளா!” என்றாள். டிரம் விழுந்தது.

அதற்கு மேல் பேச அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் சண்டைகளுக்கே ஒரு வாரம் பிடிக்கும்.

“பேசாம நீ அந்தப் புதுத் தட்டுக்கு மாறிடேன்” என்று மறுநாள் சொல்லிப் பார்த்தேன்.

“சுண்ணாம்பு வாசம் எனக்கு ஆகாதுன்னு தெரியாதா உங்களுக்கு? எத்தனை வருஷம் குடும்பம் நடத்தினீங்க?”

கீழ்வீட்டு நைனா முகம்மது பாயிடம் யோசனை கேட்கப் போனேன். பாயும் சேகரிப்பாளர்தான். அவருக்கு உயிரான ஒரு தட்டு போன வருடம் எடையில் தோற்றது. உருக்கிய அன்று மாலை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் படிக்கல் ஆகிவிட்டார். இரும்பு, ஒரு கிலோ, தலையில் வளையம். அரசாங்க முத்திரையும் இருக்கிறது. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அவர் வீட்டில் அவரை வாசற்கதவுக்கு அண்டை கொடுத்து வைப்பார்கள். சங்கம் கூடும்போது தராசைச் சரிபார்க்க அவரைத்தான் கொண்டுபோவார்கள்.

நான் குனிந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

“அறுபது கிராமா? ஜாஸ்தியாச்சே, நேசன் சார்.”

“பாய், நான் ஒண்ணு கேப்பேன், தப்பா நினைக்கக் கூடாது. என் தட்டுக்கு அடியில நீங்க கொஞ்சம் ஒட்டிக்கிட்டா?”

“என்ன சார் பேசறீங்க? நான் முத்திரை போட்ட கல்லு. பொய் சொன்னா துரு பிடிச்சிடும்.”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

பாய் யோசித்தார். கல் யோசிப்பதை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பொறுமை வேண்டும்.

“முதல்ல துடைக்கிறத நிறுத்துங்க. தூசியும் எடைதான். தங்கச்சிய நல்லா சாப்பிடச் சொல்லுங்க. ரெண்டும் சேர்ந்தா பார்க்கலாம்.”

துடைக்கிறதை நிறுத்துவதாம்! என்னிடம் ஒரு வெல்வெட் துணி இருக்கிறது. மற்றவர்கள் கைக்குட்டை வைத்திருப்பதுபோல நான் அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். தட்டைப் போடுமுன் ஒரு துடைப்பு, எடுத்தபின் ஒரு துடைப்பு. சங்கத்தில் என் தட்டுகளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நேசன் தட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். அந்தப் பேருக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனாலும் நிறுத்தினேன். முதல் நாள் கை அரித்தது. இரண்டாம் நாள் துணியைப் பையிலிருந்து எடுத்து மோந்து பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன். தூசி மெல்ல மெல்லப் படிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

ஹெப்சிபாவைச் சாப்பிடச் சொன்னேன்.

“சர்க்கரைக்காரிய நெய் சாப்பிடச் சொல்றீங்களே, நல்லாருக்கா?”

“உருக்கிடுவாங்க, ஹெப்சி. உருக்கிடுவாங்கடி.”

“சரி சரி, அழுவாதீங்க. சாப்பிடறேன்.”

சாப்பிட்டாள். அவளுக்கு அங்கே சமைக்க என்ன கிடைக்கிறது, யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க நேரம் இருந்ததில்லை. சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பார்த்தேன். இரண்டு கிராம் ஏறியது. நாலு கிராம் ஏறியது. அவள் குரலில் மூச்சு வாங்கியது. அதற்கு மேல் முள் நகரவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவளிடம் சொல்லாமல் மறைத்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“பத்தலையா?”

“பத்தல.”

“டெரிக் தம்பிய உக்கார வைக்கட்டுமா?”

டிரம் விழுந்துவிட்டது. அன்று முழுவதும் இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். டெரிக் அவ்வப்போது அவளிடம் வந்து டீ குடித்துவிட்டுப் போவான் என்று சொல்லியிருக்கிறாள். மரியாதையான பையனாம். ரசம் சாதம் பழக்கிவிட்டிருக்கிறாள்.

மறுநாள் அவளே விளக்கினாள். மூச்சு விடாமல் பேசினாள். அவளும் இடைவெளியின் நீளத்தைக் கணக்குப் பண்ணித்தான் பேசுவாள்.

“பாடிக்கிட்டே இருக்கிறவங்களுக்கு எடையே கிடையாதுங்க. அவங்க பாட்டுல போயிட்டே இருக்காங்க, தரையில கால் வைக்கிறதே இல்ல. உக்கார வச்சாத்தான் கனம் தெரியும். நாலு பேரையும் இங்க உக்கார வச்சு வயிறு நெறைய சோறு போட்டா போதும். நல்ல ஆளுங்க, ஒவ்வொருத்தனும் மாடு மாதிரி இருக்கானுங்க.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “எழுந்து திரும்பப் போய் பாடுவாங்க இல்ல?” என்று கேட்டேன்.

“எங்க எழுந்திருக்கிறது? பருப்பு சாதம் சாப்பிட்டு உக்காந்த இவனுங்க...” என்றாள். டிரம் விழுந்தது.

நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். விஷயம் மெல்லத்தான் உறைத்தது. அவர்கள் உட்கார்ந்துவிட்டால் பாட்டு இருக்காது. முதல் பக்கமும் இருக்காது, இரண்டாம் பக்கமும் இருக்காது. முதல் பதிப்பு ‘ஸ்லோ வெதர்’ காலியாகச் சுற்றும். அந்த டிரம்மும் போய்விடும்.

மறுநாள் அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“பாட்டு போயிடுமே, ஹெப்சி.”

கரகரப்பு மட்டும் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்.

“பாட்டா, நானா?”

‘நீதான்’ என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. இடைவெளியில் அதற்கு இடம் இருந்தது. நான் சொல்லவில்லை. டெரிக் அடிக்க ஆரம்பித்தான். நானும் வழக்கம்போல முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

அன்று முழுவதும் யோசித்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் என்னைக் காறித் துப்பலாம். நீங்கள் அந்த டிரம்மைக் கேட்டதில்லை. நான் அவளைக் காதலித்ததே அந்தப் பாட்டைக் கேட்ட வருடத்தில்தான். எது எதனால் வந்தது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சாயங்காலம் அவளுடைய பச்சை நிறச் சேலை ஒன்றை எடுத்து வெறுமனே மடித்து வைத்தேன். இரண்டு மூன்று முறை மடித்தேன். அவள் மடிக்கிற மாதிரி வரவில்லை.

காலையில் தட்டைப் போட்டேன். இடைவெளி வந்தது.

“நீதான்” என்றேன்.

“சொல்றதுக்கு ஒரு ராத்திரி ஆச்சு உங்களுக்கு” என்றாள்.

டிரம் விழுந்தது. அதுதான் டெரிக் கடைசியாக அடித்த அடி. மறுநாள் தட்டு பாட்டில்லாமல் சுற்றியது. மூன்று பாட்டு நேரம் வெறுமனே கரகரத்தது. இடைவெளி வந்ததும் தட்டு, டம்ளர் சத்தமெல்லாம் கேட்டது. யாரோ ஏப்பம் விட்டார்கள். ஹெப்சிபா, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோப்பா, வெட்கப்படாத” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் பேச அவளுக்கு நேரம் இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

தராசில் வைத்து நிறுத்தேன். பிறகு பாயைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் மறுபடி நிறுத்தேன். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பழையது. முள் ஆடி ஆடி நின்றது. பழையது ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது.

“பாய்! பாய்!” என்று கத்தினேன். அவரைத் தூக்கித் தலையில் முத்தம் கொடுத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது.

“பொறுங்க சார், பொறுங்க. நல்லா பாருங்க. மனுஷங்க எடை புதுசுக்கு ஒரு மயிரிழை குறைச்சலா வந்து நிக்குது. மீதிய இறக்கினது தூசி. வெறும் தூசி. அதுல கை வச்சிடாதீங்க. உங்கள நான் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். எனக்குக் கையில்ல, இருந்தா கும்பிடுவேன்.”

“நான் என்ன கிறுக்கனா?” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பாயைக் கூடைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பதிப்புகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் பிடித்தேன். பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து தட்டுக்கு இடம் கொடுத்தார். அதை உட்கார வைத்துவிட்டு நான் நின்றுகொண்டே போனேன்.

சங்கத்தின் வராந்தா ஆளுக்கு ஆள் மாறும். கையில் எவ்வளவு கனமோ அவ்வளவு நீளம். அன்று எனக்கு முடிவே தெரியவில்லை. சுவர் ஓரமாகப் பெஞ்சு போட்டு வழியிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தண்ணீர்க் குழாயைத் தாண்டினேன். கொஞ்ச தூரத்தில் மறுபடி அதே குழாய் வந்தது. குழாயடியில் நின்றிருந்தவர், “இப்பதானே போனீங்க?” என்றார். நான் சந்தோஷப்பட்டேன். வராந்தா இவ்வளவு நீளமாக இருந்தால் என் தட்டு கனமாகத்தான் இருக்க வேண்டும்.

கூடத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். நடுவில் மேஜை, மேஜைமேல் பித்தளைத் தராசு. பின்னால் செயலாளர் ஆளவந்தார் நின்றிருந்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். அவர் தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை.

பாயை வாங்கித் தராசில் வைத்துச் சரிபார்த்தார். “ஒரு கிலோ இருக்கீங்களா, பாய்?” என்றார்.

“இருக்கேன்” என்றார் பாய்.

பாயை மேஜை ஓரத்தில் வைத்தார். புதுத் தட்டை உறையிலிருந்து எடுத்தார். பளபளத்தது. கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. அதை ஒரு பக்கம் வைத்தார். தராசு டொக்கென்று இறங்கியது.

“உங்களோடத எடுங்க, மிஸ்டர் நேசன். உங்க தட்டப் பார்க்கணும்னே செங்கல்பட்டுலேர்ந்து வந்திருக்காங்க.”

நான் எடுத்தேன். விளிம்பை மட்டும் பிடித்து எடுத்தேன். மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் தூசி எல்லாம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரைக்கும் தெரிந்தது.

 பின்வரிசையில் ஒருவர் ‘ச்சு’ கொட்டினார். முன்வரிசையில் இருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பார்க்க வேண்டாம் என்று கழற்றினார் என்பது எனக்குப் புரிந்தது. ஆளவந்தார் என் முகத்தைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“என்ன மிஸ்டர் நேசன்? நீங்களா இப்படி?” என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டன. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் மட்டும் யார் நம்புவார்கள்?

நான் துடைத்தேன். யாரும் துடைக்கச் சொல்லவில்லை. பையிலிருந்து துணியை எடுத்து ஒரே சுற்று, அழுத்தாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்தேன். இத்தனை நாள் துடைக்காமல் இருந்ததால் கைக்கு அது அவ்வளவு சுகமாக இருந்தது. தட்டு கருகருவென்று மின்னியது. கூடத்தில் இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள்.

மேஜை ஓரத்திலிருந்து, “யா அல்லா!” என்று ஒரு குரல் கேட்டது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. துணியைப் பார்த்தேன். சாம்பல் நிறத் தூசி அதில் ஒட்டியிருந்தது. அதைத் திரும்பத் தட்டின்மேல் உதறினேன். சிறிது உதிர்ந்தது. மீதியை ஐஸ் பேக்டரியின் குளிர்காற்று எடுத்துக்கொண்டுபோய்விட்டது.

ஆளவந்தார் தட்டை என் கையிலிருந்து வாங்கித் தராசில் வைத்தார். முள் ஆடியது. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சங்கத்தின் சரித்திரத்தில் இவ்வளவு நேரம் முள் ஆடியதில்லை. பிறகு நின்றது. பழையது ஒரு மயிரிழை மேலே இருந்தது.

“புதுசு” என்றார் ஆளவந்தார்.

கை தட்டினார்கள். நாகரிகமாக, சத்தம் வராமல் தட்டினார்கள். நான், “இன்னொரு தடவை நிறுங்க சார், தயவுசெஞ்சு இன்னொரு தடவை” என்றேன். அவர் பாயைக் காட்டினார்.

“பாய், சரியா இருக்கா?”

பாய் முள்ளை நன்றாகப் பார்த்தார். பிறகு, “சரியாத்தான் இருக்கு” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

தோற்ற தட்டை உருக்குமுன் ஒரு முறை எல்லோரும் கேட்பது சங்கத்தின் மரியாதை. மூலையில் பிளேயர் இருந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். இரண்டாம் பக்கம் என்றேன். ஊசியை இறக்கினார்கள். நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லோரும் தலையைச் சாய்த்தார்கள்.

முதல் பாட்டில் யாரும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நான் துடைத்ததில் கரகரப்புகூட இல்லை. மூன்றாவது பாட்டும் அப்படியே போனது. அந்த நேரம் முழுவதும் நான் ஒரு வார்த்தையைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். மன்னிச்சிடு என்பது நீளமாக இருக்குமோ என்று பயந்தேன். அதைச் சுருக்கிப் பார்த்தேன். சுருங்கவில்லை.

இடைவெளி வந்தது. நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கும்போதே தெரிந்தது. யாரோ குறட்டை விட்டார்கள்.

“காலை மடக்குப்பா, டெரிக்” என்றாள். பிறகு சிரிப்பும் மூச்சிரைப்புமாகக் கேட்டாள். “என்னங்க! ஜெயிச்சிட்டோமா?”

நான் சுற்றிலும் பார்த்தேன். யாருக்கும் அவள் குரல் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் இரைச்சல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்னங்க?” என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நான்காவது பாட்டு ஆரம்பித்துவிட்டது. அதில் யாரும் இல்லை.

ஆளவந்தார் ஊசியைத் தூக்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். பாட்டு முடிகிற வரைக்கும் அந்த வெறுமையை எல்லோரும் கேட்டார்கள். ஊசி நடுவுக்குப் போய் நின்றதும் அவர் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது.

“ஒரு பொட்டு சத்தம் இல்ல. ஒரு கீறல் இல்ல. அம்பது வருஷத்துத் தட்டுன்னா யாராவது நம்புவாங்களா? என் ஆயுசுல இவ்வளவு சுத்தமா ஒரு முதல் பதிப்ப நான் கேட்டதில்ல.” அவர் என் தோளில் கையுறைக் கையை வைத்தார். “எப்படி சார் வச்சிருந்தீங்க?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். செங்கல்பட்டிலிருந்து வந்தவர்கள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் தட்டை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கீழே போனார். படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டது.

“வெல்வெட் துணிதான் சார், வேற ஒண்ணுமில்ல” என்றேன். “ஈரம் ஆகாது. அழுத்தக் கூடாது. குறுக்க துடைக்கவே கூடாது, பள்ளம் எப்படிப் போகுதோ அப்படியே கூடப் போகணும்.”

தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்தவர் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். நான் எழுந்து நின்று சொன்னேன். கீழேயிருந்து ரப்பர் கருகுவது போன்ற வாசம் வந்தது. துணியைப் பிரித்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.